ஒரே நாளில் நிறைய வேண்டுமா வீடு?

புதிதாகக் குடியேறிய வீட்டைப் பார்க்க வருவோர் முதலில் கேட்கும் கேள்வி, “இன்னும் சோபா போடவில்லையா?” என்பதுதான். தண்ணீர் ஒழுங்காக வருகிறதா, காற்றோட்டம் இருக்கிறதா, அலுவலகம் எவ்வளவு தூரம் என்பனவெல்லாம் அதற்குப் பின்னரே வரும். கேட்பவர் மனத்தில் தீய எண்ணம் ஏதுமில்லை. ஆயினும், கேட்கப்பட்ட குடும்பம் அன்றிரவே ஒரு கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கு, பெரும்பாலும் அடுத்த வாரமே ஒரு தவணை ஒப்பந்தத்தில் போய் முடிகிறது.

முப்பதாண்டுகளுக்கு மேல் வங்கிப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். வீட்டுக் கடனின் தவணையைத் திட்டமிட்டு, ஒரு மாதமும் தவறாமல் கட்டிவந்த குடும்பங்கள், அந்த வீட்டை நிரப்புவதற்கென வாங்கிய சிறு கடன்களால் தடுமாறியதை என் மேசைக்கு எதிரே பலமுறை கண்டிருக்கிறேன். ஆகவே என் கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். கையில் பணம் குறைவாக உள்ள குடும்பம், வீட்டை ஒரே நாளில் நிரப்ப முயலக் கூடாது. ஒவ்வொரு பொருளாக, தேவையின் வரிசையில், கூடுமானவரை சொந்தப் பணத்தில் வாங்க வேண்டும். கடன் வழங்கும் நிறுவனம் ஒன்றின் இதழில் இப்படி எழுதலாமா என்று சிலர் கேட்கக்கூடும். தாராளமாக எழுதலாம். சேமிப்பும் நற்பெயரும் உள்ள வாடிக்கையாளரே எந்த வங்கிக்கும் நிலையான செல்வம்.

நான் வாங்கிய முதல் சோபா

இந்தக் கருத்தை நான் பாடநூலில் படித்துப் பெறவில்லை. 1988-ஆம் ஆண்டு தில்லிக்கு மாற்றலாகிப் போனபோது, கரோல்பாகில் ஒரு வீட்டின் மொட்டைமாடியில் இருந்த ஒற்றை அறையில் குடியேறினோம். தில்லியில் அதனைப் ‘பர்சாத்தி’ என்பார்கள். எங்களுக்கு மணமாகி நான்கு மாதங்களே ஆகியிருந்தன. ஒரு டிரங்குப் பெட்டி, இரண்டு கோரைப் பாய்கள், ஒரு ஜமக்காளம், ஒரு பம்ப் ஸ்டவ். எங்கள் உடைமை அவ்வளவே. குளிர்காலம் தொடங்கியதும், கீழ்த்தளத்தில் குடியிருந்த பஞ்சாபி அம்மையார் தாமாகவே இரண்டு கயிற்றுக் கட்டில்களை மேலே அனுப்பிவைத்தார். தில்லிக் குளிரில் தரையில் படுக்கக் கூடாது என்பது அவர் சொன்ன காரணம். எங்கள் வீட்டுக்கு வந்த முதல் அறைகலன் அவ்வாறு தேவை அறிந்து வந்தது.

இரண்டாவது அவ்வாறு வரவில்லை. மறு ஆண்டு மாமனார் வருவதாகக் கடிதம் வந்தது. பெண்ணைக் கொடுத்தவர் வெறும் அறையைப் பார்த்து என்ன நினைப்பார் என்ற எண்ணம் என்னை ஆட்டிப்படைத்தது. மனைவி வேண்டாமென்று சொல்லியும் கேளாமல், ஒரு கடையில் பன்னிரண்டு மாதத் தவணையில் ரெக்சின் உறையிட்ட சோபா வாங்கினேன். வந்தவர் அதைப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றார். பிறகு பாயை விரிக்கச் சொல்லி அதில் அமர்ந்துகொண்டார். “கீழே உட்கார்ந்தால்தான் மாப்பிள்ளை, எனக்குச் சாப்பாடு இறங்கும்” என்றார்.

பத்தாவது மாதத்தில் சோபாவின் கால் ஒடிந்தது. உறையைப் பிரித்துப் பார்த்தால், உள்ளே இருந்தவை சரக்குப்பெட்டிப் பலகைகளும் ஆணிகளும் மட்டுமே. இரண்டு தவணைகள் இன்னும் மீதமிருந்தன. அவ்வேளையில்தான் மனைவியின் தங்கைக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. விடுமுறைப் பயணச் சலுகையை முன்பே பயன்படுத்திவிட்டிருந்தேன். கையிருப்போ ஒருவருக்குத்தான் போதும். மனைவியை மட்டும் இரயிலேற்றினேன். மாப்பிள்ளை ஏன் வரவில்லை என்று கேட்டவர்களிடம், விடுப்புக் கிடைக்கவில்லை என்று சொல்லச் சொன்னேன். யார் முன்னிலையில் மதிப்புக் குறையக் கூடாதென்று சோபா வாங்கினேனோ, அவர் வீட்டுத் திருமணத்துக்கே போக முடியாமற் போயிற்று. அதனை நான் இன்றும் மறக்கவில்லை.

ஒரே தொகை, இரண்டு வழிகள்

காலம் மாறிவிட்டது; கணக்கு மாறவில்லை. கட்டில், மெத்தை, அலமாரி, சோபா, சாப்பாட்டு மேசை எல்லாம் சேர்ந்து 1,20,000 ரூபாய் ஆகிறது என்று கொள்வோம். “ஆண்டுக்கு 12 சதவீதந்தான், 24 மாதங்கள், மாதம் 6,200 ரூபாய்” என்று கடையிலேயே கடன் பேசப்படுகிறது. இந்த 12 சதவீதம், முழு அசலுக்கும் இரண்டு ஆண்டுகளுக்கும் சேர்த்துக் கணக்கிடப்படுவது. வட்டி 28,800 ரூபாய். ஆனால் நாமோ ஒவ்வொரு மாதமும் அசலில் ஒரு பகுதியைத் திருப்பிச் செலுத்திக்கொண்டே வருகிறோம். குறைந்துவரும் நிலுவைக்கு மட்டும் வட்டி என்ற முறையில் பார்த்தால், அது ஆண்டுக்கு ஏறத்தாழ 21½ சதவீதம். கடன் பேசும்போது “வட்டி எவ்வளவு?” என்று கேட்டால் போதாது; “முழு அசலுக்கா, குறையும் நிலுவைக்கா?” என்றும் கேட்க வேண்டும்.

இனி மற்றொரு வழி. அதே 6,200 ரூபாயை மாதந்தோறும் தனியொரு சேமிப்புக் கணக்கில் போட்டு வாருங்கள். மூன்றாம் மாத முடிவில் 18,600 ரூபாய் இருக்கும். எளிய கட்டிலும் மெத்தையும் வாங்கலாம். மேலும் நான்கு மாதங்களில் 24,800 ரூபாய் சேரும், அலமாரி வரும். இப்படியே போனால் இருபதாம் மாதத்தில் பட்டியல் முழுவதும் வீட்டில் இருக்கும். கடன் வாங்கியவருக்கு அப்போதும் நான்கு தவணைகள் பாக்கி. காத்திருந்தவருக்கோ 28,800 ரூபாய் மிச்சம். வாழ்க்கையின் பிற்பகுதியில் இருபது மாதம் என்பது ஒரு பொருட்டே அன்று. இளமையில் மட்டும் அது நீண்ட காலமாகத் தோன்றுகிறது.

காத்திருப்பதில் வேறோர் ஆதாயமும் உண்டு. ஐந்து மாதம் வாழ்ந்த பிறகே வீடு தன் தேவையை நமக்குச் சொல்கிறது. வெயில் எந்தச் சாளரத்தில் விழுகிறது, குழந்தை எங்கே அமர்ந்து எழுதுகிறது, நாம் எந்த மூலையில் உணவு உண்கிறோம் என்பவை குடியேறும் முன் எவருக்கும் தெரியா. முதல் வாரத்தில் எழுதிய பட்டியலை ஆறு மாதம் கழித்து எடுத்துப் பாருங்கள். இரண்டு பொருள்களையேனும் நீங்களே அடித்துவிடுவீர்கள்.

“வட்டியில்லாத் தவணை” என்னும் சொல்

விழாக்காலங்களில் இச்சொல் எங்கும் ஒலிக்கிறது. சுழிய சதவீத வட்டி என்ற ஒன்றே கிடையாது என்பதை இந்திய ரிசர்வ் வங்கி 17 செப்டம்பர் 2013 நாளிட்ட சுற்றறிக்கையிலேயே வங்கிகளுக்குத் தெளிவுபடுத்தியது. வட்டி மறைவதில்லை, வேறிடத்தில் போய் அமர்ந்துகொள்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு. 36,000 ரூபாய் அலமாரி, பன்னிரண்டு தவணை, தவணைக்கு 3,000 ரூபாய், வட்டி இல்லை. ஆனால் ரொக்கமாகத் தந்தால் கடைக்காரர் 5 சதவீதம் தள்ளுபடி தருகிறார். விலை 34,200 ரூபாய். தவணை முறையில் அந்தத் தள்ளுபடி இல்லை. அத்துடன் செயலாக்கக் கட்டணம் 500 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 90 ரூபாய். ஆகமொத்தம் 36,590 ரூபாய். “வட்டியில்லாத” இந்த ஏற்பாட்டில் நீங்கள் கூடுதலாகத் தருவது 2,390 ரூபாய். ஆண்டு வட்டியாக்கினால் ஏறத்தாழ 13 சதவீதம். கடன் அட்டையில் தவணையாக மாற்றினால், கடைக்காரர் வட்டித் தொகையைத் தள்ளுபடியாகத் தந்தாலும், அந்த வட்டியின் மீதான ஜி.எஸ்.டி. உங்கள் கணக்கில்தான் வரும். ஆகவே, தவணை பேசுமுன் “ரொக்கமாகத் தந்தால் என்ன விலை?” என்று கேட்டு, அந்த விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வங்கிகளும் நிதி நிறுவனங்களும் 1 அக்டோபர் 2024 முதல் வழங்கும் புதிய சில்லறைத் தவணைக் கடன்கள் அனைத்துக்கும் முக்கிய விவர அறிக்கை ஒன்றைத் தந்தாக வேண்டும். வட்டியும் கட்டணங்களும் சேர்ந்த ஆண்டு மொத்தச் செலவு விகிதம் அதில் ஒரே எண்ணாக இருக்கும். கடன் அட்டை நிலுவைக்கு மட்டும் இவ்விதி பொருந்தாது. கடையின் கூட்டத்தில் கையொப்பமிடும் அவசரத்திலும், அந்த ஓர் எண்ணைப் பார்க்காமல் பேனாவை எடுக்காதீர்கள்.

இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். வட்டி குறைவு என்பதால் அறைகலன் செலவையும் வீட்டுக் கடனோடு சேர்த்துவிடுகிறார்கள். ஒரு இலட்சம் ரூபாயை 8½ சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்கு வாங்கினால், மாதத் தவணை ஏறத்தாழ 868 ரூபாய். சிறிய தொகையாகவே தோன்றும். இருபதாண்டுகளில் கட்டி முடிப்பது 2,08,000 ரூபாய்க்கு மேல். அந்தச் சோபா எட்டுப் பத்து ஆண்டுகளில் வாசலைத் தாண்டிப் போயிருக்கும், தவணை போயிருக்காது. பொருளின் ஆயுளைவிடக் கடனின் ஆயுள் நீளக் கூடாது என்பதைப் பொது விதியாகவே கொள்ளலாம்.

எது முதலில்?

ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஒரு பொருள் நம் உடலைத் தாங்குகிறது என்று எண்ணிப் பார்த்தால் வரிசை தானாக அமையும். ஏழெட்டு மணி நேரம் தாங்குவது படுக்கை. எனவே நல்ல மெத்தைக்கே முதற் செலவு. கட்டில் எளியதாக இருக்கலாம். மெத்தை மலிவாக இருக்கலாகாது. அடுத்தது, வீட்டிலிருந்து பணி செய்வோருக்கும் படிக்கும் பிள்ளைக்கும் முதுகைத் தாங்கும் நாற்காலியும் உரிய உயரத்தில் ஒரு மேசையும். அதன் பின் துணிகளையும் ஆவணங்களையும் காக்கும் அலமாரி. விருந்தினர் ஓரிரு மணி நேரம் அமரும் சோபா கடைசியில் வந்தால் போதும். நடைமுறையிலோ நாம் இவ்வரிசையைத் தலைகீழாக்கி, பிறர் கண்ணுக்குப் படும் கூடத்திலிருந்து தொடங்குகிறோம்.

அதுவரை எங்கே அமர்வது? நம் நாட்டில் இக்கேள்விக்கு விடை உண்டு. வங்காளத்தில் மாதுர் பாய், வடக்கே சார்பாய் எனும் கயிற்றுக் கட்டில், தமிழகத்தில் பத்தமடைப் பாயும் பவானி ஜமக்காளமும். தரையில் அமர்ந்து விருந்தினரை உபசரிப்பது இந்நாட்டில் எங்கும் குறைவாகக் கருதப்பட்டதில்லை. முழங்கால் நோவுள்ள முதியோருக்காக நல்ல நாற்காலிகள் இரண்டு போதும்.

இடத்தின் விலையையும் மறந்துவிடக் கூடாது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில், ஆறுக்கு ஆறரை அடிக் கட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். சதுர அடி 6,000 ரூபாய் விலையில் வாங்கிய வீட்டில், 25 சதுர அடியை அடைக்கும் சோபா ஒன்றரை இலட்ச ரூபாய் மதிப்புள்ள தரையின் மேல் நிற்கிறது. அளவு நாடாவுடன் கடைக்குப் போங்கள். மாடிப்படியின் திருப்பத்தையும் மின்தூக்கியின் கதவையும் அளந்துகொண்டு போங்கள்.

பொருளின் வயது

மலிவு என்பது விலைச்சீட்டில் உள்ள எண் அன்று. அதனைப் பயன்படுத்தும் ஆண்டுகளால் வகுத்துவரும் எண். மரத்தூளை அழுத்திச் செய்யும் பார்ட்டிகிள் போர்டு, விலை குறைவானது, பார்வைக்கு அழகானது. ஆனால் ஈரம் பட்டால் உப்பிவிடும். ஒருமுறை கழற்றிப் பூட்டினால் திருகாணிகள் பிடிமானம் இழக்கும். மும்பை மழையிலும், மூன்றாண்டுக்கொருமுறை மாற்றலாகும் குடும்பத்திலும் அது நெடுநாள் தாங்காது. பிளைவுட் வாங்குவோர் பலகையில் உள்ள ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பார்க்க வேண்டும். ஐ.எஸ். 303 பொதுப் பயன்பாட்டுக்கான தரம், ஐ.எஸ். 710 நீர் தாங்கும் கடல்சார் தரம். படுக்கையறைக்கு முன்னது போதும். சமையலறைத் தொட்டியின் அடியில் பின்னது வேண்டும். இரும்புக் கட்டிலும் இரும்பு பீரோவும் நாகரிகம் குறைந்தவை என்று இளையோர் ஒதுக்கினாலும், பல மாற்றல்களைத் தாங்குபவை அவையே. மூங்கிலாலும் பிரம்பாலும் மட்டுமே செய்யப்பட்ட அறைகலன்களுக்கு 22 செப்டம்பர் 2025 முதல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம், மர அறைகலன்களுக்கு 18 சதவீதம். எடையும் குறைவு என்பதால் வாடகை வீட்டாருக்குப் பிரம்பு ஏற்றது.

பழைய பொருளை வாங்குவதில் இழுக்கு ஏதுமில்லை. தில்லியில் அமர் காலனி, மும்பையில் ஜோகேஸ்வரியை ஒட்டிய ஓஷிவாரா போன்ற சந்தைகள் இவ்வணிகத்துக்கே பெயர் பெற்றவை. பள்ளித் தேர்வுகள் முடிந்து மாற்றல்கள் நிகழும் ஏப்ரல் முதல் ஜூன் வரை, குடியிருப்பு வளாகங்களில் நல்ல பொருள்கள் விலைக்கு வரும். மரத்தில் சிறு துளைகளும் அடியில் மாவு போன்ற தூளும் இருந்தால் உளுத்த மரம், விட்டுவிடுங்கள். மூட்டுகளை அசைத்துப் பாருங்கள். பழைய மெத்தையை மட்டும் எவ்விலைக்கும் வாங்காதீர்கள். மூட்டைப்பூச்சி இலவசமாக வந்துவிடும். வண்டி வாடகையையும் ஏற்றியிறக்கும் கூலியையும் விலையோடு சேர்த்தே எண்ணுங்கள். இணையவழியில் பழைய பொருளை விற்போருக்கு ஓர் எச்சரிக்கை: பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. இரகசிய எண் தேவையே இல்லை. அதைக் கேட்பவர் வாங்க வந்தவர் அல்லர். புதிய பொருளாயின் ரசீது பெறுங்கள். குறையிருந்து கடைக்காரர் செவிசாய்க்காவிடில், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

பெற்றோருக்கு ஒரு சொல்

மகளின் திருமணத்துக்குக் கட்டில், பீரோ, மெத்தை, சோபா என்று சீர் கொடுப்பதற்காகக் கடன் வாங்கும் பெற்றோர் இன்றும் பலர். மணமக்களோ பெங்களூரிலோ புனேயிலோ ஒற்றைப் படுக்கையறை வாடகை வீட்டில் குடியேறுகிறார்கள். தேக்குக் கட்டில் மாடிப்படியில் ஏறாது. ஊரிலேயே ஓர் அறையில் தூசி படிந்து கிடக்கும். பெற்றோர் அதற்கான கடனைக் கட்டிக்கொண்டிருப்பார்கள். கடன் வாங்கிக் கொடுப்பது சீர் ஆகாது. கையில் உள்ளதைக் கொடுக்க மனம் விரும்பினால், அதை மகள் பெயரில் வைப்புத்தொகையாக வையுங்கள். எந்த ஊரில், எந்த அளவில், என்ன கட்டில் வேண்டும் என்பதை அவள் முடிவு செய்வாள்.

கடன் எப்போது தகும்?

கடனே கூடாது என்பது என் வாதமன்று. அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் தாய்க்குக் கட்டில் இன்றே வேண்டும். வீட்டிலிருந்து பணிபுரியும் ஒருவருக்கு மேசை நாற்காலி என்பது தொழிற்கருவி. இத்தகைய தேவைகளுக்குக் குறுகிய காலக் கடன் வாங்குவதில் தவறில்லை. ஓரிரு ஆண்டுகளே தங்கும் ஊரில், மாத வாடகைக்கு அறைகலன் தரும் நிறுவனங்களையும் கருதலாம்; மொத்த வாடகை பொருளின் விலையில் பாதியைத் தாண்டாதவரை அது ஏற்புடையதே. ஆனால் எந்த நிலையிலும், மூன்று மாத வீட்டுச் செலவுக்கான கையிருப்பைத் தொட்டு அறைகலன் வாங்காதீர்கள். சிறு தவணைதானே என்று தவறவிட்டால், அதுவும் கடன் மதிப்பெண்ணில் பதிவாகும். பின்னாளில் பெரிய கடன் கேட்கும்போது அதுவே குறுக்கே நிற்கும்.

கரோல்பாகில் அந்த அம்மையார் தந்த கயிற்றுக் கட்டில்களை, மாற்றலாகிப் புறப்படும்போது திருப்பிக் கொடுத்தோம். அதற்குப் பின் நாக்பூர், கொல்கத்தா, மும்பை என்று பல வீடுகள் மாறினோம். ஒவ்வொரு பொருளாகவே வாங்கினோம். ஒவ்வொன்றும் எந்த ஊரில், எந்தச் சேமிப்பில் வந்தது என்று மனைவியால் இன்றும் சொல்ல முடியும். வீட்டில் கடைசியாக வந்தது சோபாதான். அதை வாங்கியபோது, கைவசம் தவணை அட்டை ஏதும் இல்லை. அந்த வார இறுதியில் மனைவியின் தங்கை குடும்பத்தோடு வந்திருந்தார். அனைவரும் கூடத்துத் தரையில் அமர்ந்தே சாப்பிட்டோம்.